ஃபார்ம்ல ஒரு கட்டம் மட்டும் காலி: ஆறு நாள் சுத்துன கதை

நாள் 1, ஈஞ்சம்பாக்கம்

ஏன் கிளம்புனேன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி பாதியில "இவளுக்கு வேற சோலி இல்லையா"ன்னு தோணும். ஓவியர்களுக்கான ஒரு ரெசிடென்சிக்கு அப்ளை பண்றேன். ரெண்டு மாசம் தங்க இடம், ஸ்டூடியோ, கைச்செலவுக்கு கொஞ்சம் காசு. ஃபார்ம்ல எல்லாம் நிரப்பியாச்சு, பத்து படத்தோட போட்டோ, போன வருஷம் குரூப் ஷோல ரெண்டு வித்தது, எல்லாம். ஒரு கட்டம் மட்டும் காலி. உங்களை வரைய வைப்பது எது, யாருடைய தாக்கம் உங்கள் படைப்பில் இருக்கு, 300 வார்த்தைக்குள்ள எழுதணுமாம். இதுக்கு முன்னாடி ஒரு இன்டர்வியூல இதே கேள்விக்கு வான்கோ, பால் கிளேன்னு டக்குனு சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டு பேரோட படத்தையும் நான் போன் ஸ்கிரீன்லதான் பாத்திருக்கேன். எதிர்ல இருந்தவங்க தலையாட்டுனாங்க, எனக்குத்தான் கூசிப்போச்சு.

சரி, நேர்ல போய் பாக்கக்கூடிய தூரத்துல இருக்கறத முதல்ல பாப்போம்னு ஒரு பை, ரெண்டு ஸ்கெட்ச்புக், ஒரு பாட்டில் இங்க், கிளம்பியாச்சு. மெட்ராஸ்ல இருந்து ஊருக்கு (சாத்தூர்) போற வழியில இறங்கி இறங்கி போறது பிளான்.

முதல் ஸ்டாப் சோழமண்டல், ஓவியர்கள் சேர்ந்து உண்டாக்குன கிராமம். ஈ.சி.ஆர்ல பஸ்ஸ விட்டு இறங்குனா இந்தப் பக்கம் வண்டி இரைச்சல், உள்ள நுழைஞ்சா மரமும் கல்லு சிற்பமும். கே.சி.எஸ். பணிக்கர் கவின்கலைக் கல்லூரி முதல்வரா இருந்தப்போ ஆரம்பிச்சது, 1966. காலேஜ் முடிச்சு வெளிய போற பசங்க வயித்துப்பாட்டுக்கு வேற வேலைக்குப் போய் வரையறதையே விட்டுடறாங்கன்னு அவருக்கு கவலை. அதுக்காக எல்லாரும் சேர்ந்து பாத்திக் துணி (மெழுகு வச்சு சாயம் போடறது), கைவினைப் பொருள் செஞ்சு வித்து, அந்தக் காசுல கடலோரத்துல நிலம் வாங்கி வீடு கட்டிக்கிட்டாங்க. காலேஜ்ல இத எங்களுக்கு ஒரு வீர வரலாறு மாதிரி சொல்லுவாங்க. இன்னிக்கு அங்க நின்னப்போ எனக்குத் தோணுனது வேற, சாயங்காலம் வரைக்கும் பாத்திக் மெழுகுல கை வெந்தவன் ராத்திரி எந்தக் கையால வரைஞ்சிருப்பான். நான் பகல்ல ஒரு ஆன்லைன் கடைக்கு பேக்கிங் டிசைன் போடறேன், அதனால இந்த சந்தேகம்.

பணிக்கரோட "சொற்களும் குறியீடுகளும்" வரிசை 1963-ல ஆரம்பிச்சது. எழுத்து எழுத்தா இருக்கும், மலையாளம் மாதிரி தெரியும், ஆனா படிக்க வராது. நடுவுல கட்டம், ஏதோ கணக்கு, ஒரு மீனோ பறவையோ, மொத்தத்துல யாரோ ஒருத்தர் ஜாதகத்த வெயில்ல காயப் போட்ட மாதிரி. காலேஜ்ல இத பாத்துட்டு "இது நம்மளுக்கு செட் ஆவாது"ன்னு ஒதுக்குனவ நான். ஏன்னா நான் எழுத்த படிக்கறதுக்குன்னே எழுதுற வீட்டுல இருந்து வந்தவ. அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். கடை போர்டு, லாரி பின்பக்கம், சுவர் விளம்பரம். இந்த விஷயத்த காலேஜ்ல அஞ்சு வருஷமும் யார்கிட்டயும் பெருசா சொல்லல, அதையும் இங்கயே எழுதிடறேன்.

கே. ராமானுஜம் படத்துக்கு முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னேன். 1941-ல பொறந்து 1973-ல போயிட்டாரு. இங்க்ல கோடு மேல கோடு, கோட்டைக்குள்ள கோட்டை, பாம்பு, என்னன்னே தெரியாத மிருகம், நடுவுல தொப்பி போட்ட ஒரு ஆளு, அது அவரேதான். இருட்டா இருக்கற இடத்துல கூட மை கொட்டி நிரப்பல, முடி முடியா இழுத்து இழுத்து இருட்ட கொண்டாந்திருக்காரு. பேனா நிப்புக்கு ஒரு காலத்துல எங்க ஊரு பேர் போனது. அவரு தொட்டு வரைஞ்ச நிப்பு சாத்தூர் நிப்பா இருந்திருக்குமோன்னு ஒரு அல்ப சந்தோஷம், ஆதாரம் எல்லாம் கிடையாது, சும்மா.

நாள் 2, பனமலை

விழுப்புரம் பக்கம். காலைல லேட்டா எந்திரிச்சு, ரெண்டு பஸ் மாறி, கடைசி கொஞ்ச தூரம் ஒரு அண்ணன் டிவிஎஸ் எக்செல்ல பின்னாடி உக்காத்தி வச்சு கொண்டாந்து விட்டாரு. ஏரி, ஏரிய ஒட்டி சின்ன மலை, மேல தாளகிரீஸ்வரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டுனது, அப்ப 1,300 வருஷம்.

அங்க பாக்க வந்தது ஒரே ஒரு ஆளத்தான். துணைச் சன்னதி சுவத்துல வரைஞ்ச பார்வதி. கிரீடம், மேல குடை, ஒரு கால மடக்கி சாஞ்சு நின்னுக்கிட்டு, சிவன் ஆடறத பாக்குறா. ஆடுனவர் கிட்டத்தட்ட அழிஞ்சே போயிட்டாரு. பாத்துக்கிட்டு நிக்கிறவ மட்டும் மிச்சம். நெத்தியில இருந்து கன்னம் வழியா தாடை வரைக்கும் வர்ற அந்தக் கோட்ட ஸ்கெட்ச்புக்ல பதினோரு தடவ போட்டேன், பதினோரு தடவையும் எனக்கு தாடை முட்டிக்கிட்டு வந்துச்சு. அத வரைஞ்சவன் ஒரே இழுப்புல போயிருக்கான், நான் நடுவுல யோசிக்கிறேன், அதான் கோளாறு.

இறங்குறப்போ படிக்கட்டுல ஒரு பாட்டி ஆட்ட மேய விட்டுட்டு உக்காந்திருந்துச்சு. "என்னா கண்ணு எழுதிக்கினு இருக்க, சர்வேயா?" இல்ல பாட்டி, படம் போடறேன்னு சொன்னேன். "அப்ப சரி"ன்னு சொல்லுச்சு, என்ன சரின்னு தெரியல.

நாள் 3, திருவாரூர்

இன்னிக்கு நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

ராத்திரி பஸ்ல தூக்கமே இல்ல, பின்னாடி சீட்ல ஒருத்தர் விடிய விடிய போன்ல பஞ்சாயத்து. விடிகாலை கமலாலயம் குளத்துப் படில உக்காந்து டீ. கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலி, ஓடை அஞ்சு வேலின்னு இந்த ஊருக்கு ஒரு சொலவடை உண்டு (வேலின்னா பழைய நில அளவு), அந்தக் குளத்த பாத்தா அது சும்மா அடிச்சு விட்டதில்லன்னு தெரியும்.

கோயிலுக்குள்ள தேவாசிரிய மண்டபம். அதோட விதானத்துல 17-ஆம் நூற்றாண்டு கடைசி வாக்குல வரைஞ்ச முசுகுந்தன் கதை. முசுகுந்தனுக்கு குரங்கு முகம், ஆனா சக்கரவர்த்தி. இந்திரனுக்கு சண்டையில ஒத்தாசை பண்றான், அதுக்கு கூலியா இந்திரன் பூசை பண்ற தியாகராசரையே கேக்குறான். இந்திரனுக்கு குடுக்க மனசில்ல, அச்சு அசலா அதே மாதிரி இன்னும் ஆறு செஞ்சு ஏழையும் வரிசையா வச்சு எதுன்னு கண்டுபிடிச்சு எடுத்துக்கோங்கறான். குரங்கு முகத்தான் சரியா நிஜத்தையே எடுத்துடறான், கடைசில ஏழும் பூமிக்கு வருது. அதுல முதல் ஊரு இந்த ஊரு.

சிவப்புன்னா அப்படி ஒரு சிவப்பு. சிவப்புப் பின்னணில பட்டை பட்டையா கதை ஓடுது. அரண்மனை, ஊர்வலம், நட்டுவனார், ஆடற பொண்ணுங்க, வாணவேடிக்கை கூட இருக்கு. ஒவ்வொரு பட்டைக்கும் கீழ என்ன நடக்குதுன்னு தமிழ்ல எழுதிருக்கு. இப்ப நாம காமிக்ஸ்னு சொல்றதுதான்.

பிரச்சனை என்னன்னா படம் தலைக்கு மேல. பத்து நிமிஷத்துல கழுத்து போச்சு. தரையில படுக்க கூச்சம், ஆளுங்க வந்து போற இடம். அங்க இருந்தவர்கிட்ட கேட்டுட்டு, சப்பணம் போட்டு உக்காந்து போன மடியில வச்சு செல்ஃபி கேமராவ ஆன் பண்ணேன். மேல இருக்கற விதானம் மொத்தமும் மடிக்கு வந்துருச்சு, கழுத்த நிமித்தவே வேண்டாம். அப்படியே போன நகத்தி நகத்தி ஒரு பட்டைய முழுசா படிச்சுக்கிட்டு வர்றேன், பாதி எழுத்து புரியல, பழைய எழுத்து, புள்ளி இல்லாம, சேத்து சேத்து எழுதிருக்கு, ஆனா "முசுகுந்த"ன்னு வர்ற இடம் எல்லாம் பளிச்சுனு தெரியுது, படிச்சுக்கிட்டே போறேன். பக்கத்துல ஒரு காலேஜ் பையன், எட்டிப் பாத்துட்டு "அக்கா இது தலைகீழா இருக்கே, எப்படி படிக்கறீங்க?"ன்னான்.

அப்பத்தான் எனக்கே உறைச்சுது. செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி, இடம் வலம் மாத்தித்தான் காட்டும். எழுத்து எல்லாம் திரும்பிக் கிடக்கு. நான் அத கவனிக்கவே இல்ல.

கண்ணாடிக் கதவுல போர்டு எழுதுறது எப்படின்னு தெரியுமா? வெளிப்பக்கம் எழுதுனா மழைலயும் துடைக்கறப்பயும் போயிரும். அதனால கடைக்குள்ள நின்னு, கண்ணாடிக்கு உள்பக்கம், எழுத்த திருப்பி எழுதணும். அதுவும் வேலையே ரிவர்ஸ்ல. சாதாரணமா முதல்ல பின்னணி, அப்புறம் எழுத்து, கடைசியா மினுமினுப்பு. கண்ணாடில முதல்ல மினுமினுப்பு, அப்புறம் அவுட்லைன், அப்புறம் எழுத்துக்கு கலர், கடைசியாதான் பின்னணி. ஒரு தப்பு பண்ணா சுரண்டி எடுத்துட்டு ஆரம்பத்துல இருந்து வரணும். நான் மூணாவது நாலாவது படிக்கறப்போ லீவு நாள்ல அப்பாவோட போவேன், டர்பன்டைன் டப்பாவ புடிச்சுக்கிட்டு உள்பக்கம் உக்காந்திருப்பேன். "ஜவுளி ஸ்டோர்", "கிளினிக்", "நகை அடகு", எல்லாமே எனக்கு திரும்புன எழுத்துலதான் முதல்ல பழக்கம். ஸ்கூல்ல "ழ"வ திருப்பி எழுதி அடி வாங்கிருக்கேன்.

என் படத்துல எல்லாம் பின்னணி கடைசியாத்தான் வரும். முதல்ல ஓரத்துல இருக்கற சின்ன வெளிச்சத்த போட்டுட்டு உள்ள போவேன். "ரொம்ப இன்ட்ரஸ்டிங்கான ப்ராசஸ், எங்க புடிச்சீங்க"ன்னு ஷோல ஒருத்தர் கேட்டாரு, நானும் என்னமோ உள்ளுணர்வுன்னு பீலா விட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த விதானத்துல வரைஞ்சவன் தன் பேர எழுதி வச்சிருக்கான். சிங்காதனம், ஓவியன் சிங்காதனம். நம்ம பக்கத்து பழைய சுவரோவியத்துல வரைஞ்சவன் பேர் கிடைக்கறது அபூர்வம். ராசா பேர் இருக்கும், கட்டுனவன் பேர் இருக்கும், விளக்குக்கு ஆடு குடுத்தவன் பேர் கூட இருக்கும். அப்பா எழுதுன எல்லா போர்டுலயும் கீழ வலது ஓரத்துல பொடி எழுத்துல "ஆர்ட்ஸ்"னு முடியற ஒரு பேர் இருக்கும், கடைக்காரர் வேணாம்னாலும் போடுவாரு. "கூலில அஞ்சு ரூவா வேணா குறைச்சுக்கோங்க, பேர் இருக்கட்டும்"னு அவர் சண்டை போட்டத கேட்டிருக்கேன். அப்போ எனக்கு அவமானமா இருக்கும்.

அந்தப் பையன் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தான், கழுத்து இன்னும் வலிக்குது, தூங்கப் போறேன்.

நாள் 4, தஞ்சாவூர்

பெரிய கோயில பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க, நான் சுருக்கிக்கறேன்.

கருவறைய சுத்தி உள்ள இருக்கற அந்தப் பாதையிலதான் சோழர் ஓவியம். சுந்தரர் கதை, திரிபுராந்தகர், ராஜராஜனும் கருவூர்த்தேவரும்னு சொல்ற படம் எல்லாம். எல்லாரையும் உள்ள விட மாட்டாங்க, அது சரிதான், மூச்சுக் காத்தே அதுக்கு ஆகாது. வளாகத்துல இருக்கற காட்சிக்கூடத்துல போட்டோவும் நகலும் வச்சிருக்காங்க, அதத்தான் பாத்தேன்.

படத்த விட அது கிடைச்ச கதைதான் எனக்கு புடிச்சது. அந்த சுவத்துல வெளிய தெரிஞ்சுக்கிட்டு இருந்தது நாயக்கர் காலத்து ஓவியம். 1931-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருந்த எஸ்.கே. கோவிந்தசாமி போய் பாத்தப்போ, மேல் பூச்சு உதிர்ந்த இடத்துல கீழ இன்னொரு படம் தெரிஞ்சிருக்கு. அதான் சோழர் படம், 1,000 வருஷம் பழசு. பின்னாடி தொல்லியல் துறைக்காரங்க மேல இருக்கற நாயக்கர் படத்தயும் பாழாக்காம தோல் உரிக்கிற மாதிரி உரிச்சு ஃபைபர் கிளாஸ் பலகைல ஒட்டி தனியா காப்பாத்திருக்காங்க.

எங்க ஊர் சுவத்துலயும் இது நடக்கும். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சுவத்துல கட்சி பேர் போட்டு ரிசர்வ்டுன்னு எழுதிருவாங்க. அப்பா பழைய சின்னத்து மேல சுண்ணாம்பு ரெண்டு கை அடிச்சு புது சின்னம் எழுதுவாரு. ரெண்டு மழை பேஞ்சா சுண்ணாம்பு இளிச்சு, கீழ இருந்து முந்தின தேர்தல் சின்னம் எட்டிப் பாக்கும். ஒரு தடவ ஒரு கட்சிக்காரர் வீட்டு வாசல்ல வந்து ஒரே சத்தம், எதிரிச் சின்னத்த வேணும்னே தெரிய விட்டுட்டாருன்னு. ரெண்டையும் எழுதுனது அப்பாதான்.

மத்தியானம் நல்ல சாப்பாடு, அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணல.

நாள் 5, சித்தன்னவாசல்

புதுக்கோட்டைல இருந்து பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம். வெயில்னா வெயில். பாறை கீழ இருந்தும் சுடுது.

முதல்ல ஏழடிப்பட்டம் ஏறுனேன், தப்பு, அத காலைல ஏழு மணிக்கு ஏறணும். மேல குகைக்குள்ள சமணத் துறவிங்க படுத்த கல் படுக்கை 17 இருக்கு, தலையணை மாதிரி ஒரு பக்கம் மேடு விட்டு செதுக்கிருக்கு, கை வச்சா வழவழன்னு. ஒரு படுக்கைல தமிழ் பிராமி எழுத்து, 2,000 வருஷம் பழசு. தண்ணி பாட்டில கீழயே விட்டுட்டு வந்த என் புத்திய என்ன சொல்ல.

அறிவர் கோயில் சின்னது. முன் மண்டபத்து விதானத்துல தாமரைக்குளம், 9-ஆம் நூற்றாண்டு. உள்ள போனதும் முதல்ல ஒண்ணும் தெரியாது, வெளிய இருந்த வெயில் கண்ணுல ஒட்டிக்கிட்டிருக்கும். ரெண்டு நிமிஷம் கழிச்சு பச்சை வரும், அப்புறம் இலை, அப்புறம் ஒரு மீனு, அப்புறம் யானை, எருமை, வாத்து, பூப்பறிக்கற ஆளுங்க மூணு பேர். நான் செல்ஃபி கேமராவ எடுக்கல இன்னிக்கு. மல்லாந்து பாத்தே தீர்றதுன்னு நின்னேன்.

பூப்பறிக்கறவங்கள்ல ஒருத்தன் தாமரைய தண்டோட தோள் மேல சாத்திருக்கான். அந்தத் தண்ட பாருங்க, யாராவது போனா. ஒரே அகலம் இல்ல. தோள்ல அழுந்துற இடத்துல லேசா வளைஞ்சு, பூ பக்கம் போகப் போக கனம் தாங்காம சாயுது. அவன் நிஜமாவே தாமரைத் தண்ட தூக்கிப் பாத்திருக்கான், இல்லாட்டி அந்த சாய்வு வராது. காவி, மஞ்சக்காவி, கரி, சுண்ணாம்பு, ஒரு பச்சை மண்ணு, கொஞ்சம் நீலம், அவ்ளோதான் அவன்கிட்ட இருந்தது. என் ட்ராயர்ல 64 ட்யூப் இருக்கு.

வெளிய ஒரு கல்வெட்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயில புதுப்பிச்சு முன்பக்கம் மண்டபமும் எடுத்தாருன்னு, பாண்டியன் சீவல்லபன் காலத்துல. புதுப்பிச்சவர் பேர் இருக்கு பாத்தீங்களா. தண்டு வரைஞ்சவன் யாரோ.

கீழ வந்து கரும்பு ஜூஸ் மூணு கிளாஸ். கடைக்கார அக்கா, "படம் எல்லாம் மங்கிருச்சுன்னு திட்டிக்கிட்டே வருவாக, நீ சிரிச்சுக்கிட்டு வர்ற"ன்னுச்சு.

நாள் 6, கோவில்பட்டி, அப்புறம் வீடு

மதுரைல பஸ் மாறி கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்காக இல்ல (அதுவும் வாங்குனேன்). சி. கொண்டைய ராஜுவுக்காக.

அவரு பேர் தெரியாதவங்க கூட அவரு போட்ட படத்த கும்பிட்டிருப்பீங்க. 1898-ல பொறந்தவரு, மெட்ராஸ் ஆர்ட் ஸ்கூல்ல படிச்சவரு, கொஞ்ச நாள் ரமணாசிரமத்துல இருந்தாரு, அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் துணி எழுதுனாரு. கம்பெனி கலைஞ்சதும் கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு. பக்கத்துலயே சிவகாசி, லித்தோ பிரஸ். அவரும் அவரு சீடர்களும் போட்ட முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் காலண்டரா எல்லா வீட்டு சுவத்துக்கும் போச்சு. 1976-ல இறந்தாரு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பழைய சாமி பட ஃப்ரேம் கடை. கடைக்கார தாத்தா தூசு தட்டி ஒரு கஜலட்சுமிய எடுத்துக் குடுத்தாரு, ஓரம் எல்லாம் செல்லு அரிச்சது. பின்னாடி வானம் பாருங்க, ஆரஞ்சுல இருந்து ஊதாவுக்கு அப்படியே வழுக்கிட்டுப் போகுது, ரெண்டு பக்கமும் சுருட்டி வச்ச பட்டுத்திரை. அது நாடக சீன் துணியேதான். சாமிய மேடைல நிக்க வச்சு லைட் போட்டிருக்காரு மனுசன். எங்க ஆச்சி அடுப்பங்கரைல இருந்தது இதே சாயல்தான், எண்ணெய்ப் புகை ஏறி ஏறி லட்சுமி கன்னம் பழுப்பாயிருச்சு, எனக்கு அந்தப் பழுப்புதான் லட்சுமி கலர். காலேஜ்ல "காலண்டர் ஆர்ட்"ங்கறது ஒரு கெட்ட வார்த்தை. ஒருத்தரோட வேலை புடிக்கலன்னா அப்படித்தான் திட்டுவோம், நானும் திட்டிருக்கேன்.

சாயங்காலம் சாத்தூர். அம்மா சேவு, காபி, ஏன் இப்படி கறுத்துட்ட. அப்பா திண்ணைல. ஃபிளெக்ஸ் வந்தப்புறம் அவருக்கு போர்டு வேலை நின்னு வருஷக்கணக்காச்சு, இப்ப எப்பவாச்சும் ஸ்கூல் சுவத்துல திருக்குறள், டிராக்டர்ல நம்பர். கண்ணு ஆபரேஷன் வேற ஆயிருக்கு.

திருவாரூர்ல எடுத்த ஸ்கிரீன்ஷாட்ட காமிச்சேன். திருப்பாம, அப்படியே.

கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டு போன கிட்டக்க வச்சுப் பாத்தாரு. இது கண்ணாடி எழுத்தால்ல இருக்குன்னாரு, யாரு எழுதுனதுன்னாரு. சிங்காதனம்னு ஒருத்தருப்பா, 300 வருஷம் ஆச்சுன்னேன். ஒரு வரிய விரல வச்சு பெருசாக்கி அந்தக் கடைசி வரைக்கும் நகத்திட்டுப் போனாரு.

"நூல் அடிக்காம எழுதிருக்கான் பாப்பா. ஆரம்பத்துல எழுத்து பெருசா விட்டுட்டான், கடைசில இடம் பத்தாம நசுக்கிருக்கான் பாரு."

மூணு நாளா நான் நினைச்சு நினைச்சு வியந்துக்கிட்டு வந்தவன்கிட்ட அப்பா அரை நிமிஷத்துல குறை கண்டுபிடிச்சுட்டாரு. மல்லாந்துக்கிட்டே எழுதணும்ல அப்பான்னு நான் அவனுக்கு வக்காலத்து வாங்குனேன். "ஆமா, அது கஷ்டம்தான்"னு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கூலி என்ன குடுத்திருப்பாக?"

ஃபார்முக்கு நாளைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு. இப்ப எழுத முடியாது, மொட்டை மாடில தண்ணி டேங்க்ல வீட்டுப் பேர் எழுதப் போறாராம், நேர்கோடு அடிக்க நீலப்பொடில முக்குன நூலோட ஒரு முனைய நான் போய் புடிக்கணும். "தளர விடாத, இழுத்துப் புடி"ன்னு இப்பவே மேல இருந்து சத்தம் வருது.